குப்புறக் கிடந்தவன் கேட்ட பியானோ

கண்ணில் ஆபரேஷன் செய்தவனுக்கு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று எங்கள் ஊர் திசையன்விளையில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன், வேண்டியவர்கள் வாசித்துக்கொள்ளட்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தாலே டிரைவரிடம் சண்டைக்குப் போகிறவன் நான். அப்படிப்பட்டவனைக் குப்புறப் போட்டு, தலையைத் தூக்காதே என்று சொன்னால் எப்படியிருக்கும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் சர்வேயர். அரசாங்க வேலை இல்லை, தனியாகச் செய்கிறேன். மனைகளையும் தோட்டங்களையும் அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது பிழைப்பு. ஒன்பது வயதில் கிட்டிப்புள் விளையாடியபோது புள் தெறித்து இடது கண் போய்விட்டது. அதில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் அண்ணன் தம்பிகளின் அரையடிச் சண்டைகளைத் தீர்த்து வருகிறேன்.

ஒரு நாள் காலையில் அளவுக் கருவிக்குள் பார்த்தபோது கொசு மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. லென்ஸில் தூசி என்று துடைத்தேன். மறுநாள் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல் வெட்டியது. கருவி விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டு, என்ன சாமானைக் கட்டிக் கொடுத்தீர் என்று சத்தம் போட்டேன். பாவம், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இப்படி நான்கு நாள் கருவியைத் திட்டித் தீர்த்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் ஒரு பக்கம் கறுத்துக் கிடந்தது. சோற்றைக் கருவி வழியாகவா பார்க்கிறோம்? கோளாறு கருவியில் இல்லை, கண்ணில் என்று அப்போதுதான் உறைத்தது.

பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை என்றார். அதில் சின்னதாகக் கிழிசல் விழுந்து, உள்ளே நீர் புகுந்து, சுவரைவிட்டு உரிந்து வருகிறது. நடுப்பகுதி உரிந்துவிட்டால் அப்புறம் ஒட்டவைத்தாலும் எழுத்து தெரியாது. என் கண்ணில் நடுப்பகுதிக்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கிறது.

"அடுத்த கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சீட்டில் ஏதோ எழுதி நர்ஸிடம் நீட்டினார். பிறகு, "இன்னைக்கே செஞ்சிருவோம்" என்றார். என் மனைவி ஆவுடை என் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். விட மாட்டேன் என்கிறாள், நர்ஸ் வந்து பைய விடுவித்தார்.

ஆபரேஷன் ஒன்றும் வலிக்கவில்லை. கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, உள்ளே ஒரு வாயுக் குமிழியை நிரப்பினார்கள். அந்தக் குமிழிதான் சவ்வைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். வாயு எப்போதும் மேலே போகும். கண்ணின் பின்சுவர் மேலே இருக்க வேண்டும் என்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குப்புற, பத்து நிமிடம் தலையைத் தொங்கப் போட்டபடி உட்காரலாம். மல்லாக்கப் படுத்தாலோ அண்ணாந்து பார்த்தாலோ குமிழி இடம் மாறிவிடும். விமானத்தில் போகக் கூடாது, உயரமான மலையில் ஏறக் கூடாது, குமிழி பெருத்துக் கண்ணை நெருக்கும் என்று எழுதிக் கையில் ஒரு பட்டை கட்டினார்கள். "இவிய பாபநாசம் தாண்டி ஒரு படி மேல ஏறினதில்ல டாக்டர்" என்றாள் ஆவுடை. எங்கள் ஊர் பஸ்ஸின் குலுக்கலை நினைத்து, எட்டு நாள் இங்கேயே கிடங்கள் என்று இரண்டு கட்டில் போட்ட அறையைக் கொடுத்தார்கள்.

முதல் நாள் சமாளித்துவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் அந்த அறை எனக்குச் சிறையாகிவிட்டது. தலையணையில் முகத்துக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தெரிந்ததெல்லாம் இடது கண்ணுக்கு அகப்பட்ட வெளிச்சம்தான். யாராவது நடந்தால் ஒரு நிழல் போகும். என் மூச்சே என் முகத்தில் அடிக்கும். எச்சில் ஒழுகும், துடைக்கக் கை எட்டாது. கழுத்து மரத்து, தோள் எரிந்து, மூக்கு அடைத்து, ஒரே ஒரு தடவை திரும்பிப் படுத்தால் என்ன என்று உடம்பு கெஞ்சும். கட்டிப் போட்டிருந்தால்கூடக் கயிற்றைத் திட்டலாம். இங்கே என்னைப் பிடித்து வைத்திருப்பது நானேதான். திரும்பினால் கண் போய்விடும், அவ்வளவுதான்.

ஆவுடை இட்லியைப் பிட்டுப் பிட்டு ஓட்டைக்குக் கீழே கையை நீட்டி ஊட்டினாள். காபிக்கு உறிஞ்சு குழாய். திருநீறு கொண்டுவந்தவள், கண்ணுக்குப் பக்கத்தில் போடக் கூடாதென்று பிடரியில் பூசிவிட்டாள். என்னோடு பேச வேண்டுமென்றால் பாயை விரித்துக் கட்டிலுக்குக் கீழே மல்லாக்கப் படுத்துக்கொள்வாள். கல்யாணம் ஆகி முப்பது வருடத்தில் இவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் நாங்கள் இருந்ததில்லை. அவள் முகம் எனக்கு ஒரு வெளுத்த வட்டமாகத்தான் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை எனக்குக் குரலாகத்தான் தெரியும். "வணக்கம் அண்ணாச்சி, நான் ஜெபராஜ். நானும் குப்புறத்தான்" என்று அவரே ஆரம்பித்தார். முப்பத்தைந்து வயது, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பியானோ வாசிக்கிறவர். சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரர். ஒரு கண் போன வருடம் இதே வியாதியில் போய்விட்டது. இது அடுத்த கண். அவருக்குத் துணையாக அவருடைய அக்கா கிரேஸ் இருந்தார்.

அன்று, இரண்டாம் நாள், காலை பத்து மணிக்குத்தான் முதல் தடவை அது கேட்டது. அவர் தலைமாட்டில் இருந்த போனிலிருந்து பியானோ. மெதுவாக, மிக மெதுவாக, யாரோ படியில் கால் வைக்கத் தயங்குகிற மாதிரி. ஆறு நிமிடம் ஓடி முடிந்தது. அப்பாடா என்றேன். மறுபடி ஆரம்பித்தது. நாலாவது தடவையில் என் பொறுமை போய்விட்டது.

"தம்பி, இது என்ன பாட்டு வே?"

"பாட்டு இல்ல அண்ணாச்சி. வெறும் பியானோ."

"யாரு வாசிக்கா?"

"நான்தான். சர்ச்சுல வச்சு போன்ல பதிஞ்சது."

"நல்லாத்தான் வாசிக்கீரு. அதுக்கு ஏன் அழுதுகிட்டே வாசிக்கீரு?"

அவர் சிரித்தார். குப்புறப் படுத்துச் சிரித்தால் கட்டில் கிறீச்சிடும். "வெள்ளைக்காரர் ஒருத்தர் எழுதினது அண்ணாச்சி, அந்தக் காலத்துல. அவரே அழுதுட்டுத்தான் எழுதியிருப்பாரு போல."

"ஒரு தடவை அழுதாப் போதாதா? காலையில இருந்து நாலு தடவை ஆயிட்டு."

அப்போதுதான் காரணத்தைச் சொன்னார். "நான் தாளைப் பார்த்து வாசிக்கிறவன். சின்னப் பிள்ளையில இருந்து அப்படியே பழகிட்டேன். பார்க்காம ரெண்டு வரி வராது. இந்தக் கண்ணும் வரலைன்னா என்ன பண்ண? அதான் ஒண்ணையாவது காதுல ஏத்திக்கிடுவோம்னு பார்க்கேன்."

அவர் கேட்கும்போது இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தத் தட்டல் சுவர் வழியாக என் கட்டிலுக்கும் வரும். எழுந்து வெளியே போகிற கால் இருந்தும் போக முடியாமல் நான் அதைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. முதலில் அதை ஒரு கடிகாரமாகத்தான் பயன்படுத்தினேன். எட்டு தடவை ஓடினால் ஐம்பது நிமிடம் ஆகும், எழுந்து உட்காரலாம். ஆறு ஆகிவிட்டது, இன்னும் இரண்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எண்ண மறந்துவிட்டேன்.

சங்கீதம் எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டு நாகஸ்வரத்துக்குத் தலையாட்டுவதோடு சரி. ஆனால் அளக்கிறவன் காதுக்கும் கொஞ்சம் அளவு தெரியும்போல. இடது கை ஒரே இடத்தில் நிற்கிறது. நாலைந்து சுரம்தான், போன வழியே திரும்புகிறது, மறுபடி போகிறது. இந்த அறையில் நான் கிடப்பதும் அப்படித்தான். வலது கை அதற்கு மேல் தனியாக நடக்கிறது. ஒவ்வொரு சுரமாக ஏறி, இன்னும் ஒன்று ஏறினால் வெளியே போய்விடலாம் என்கிற இடம் வரைக்கும் வந்து, நின்று, யோசித்து, இறங்கிவிடுகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது. ஏறித் தொலையேன் என்று இருந்தது. நடுவில் கொஞ்சம் வெயில் அடித்த மாதிரிப் பிரகாசமாகிறது. பிறகு பழைய இடத்துக்கே திரும்புகிறது. திரும்பியதும் முன்பு வந்த அதே சுரங்கள்தான், ஆனாலும் முன்பு கேட்ட மாதிரி இல்லை. அந்த வெயிலைப் பார்த்துவிட்டு வந்ததால் இருட்டு இன்னும் கூடிவிடுகிறது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. கண்ணில் நீர் வந்தால் ஆகாதென்று விழுங்கிக்கொண்டேன்.

இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். வந்தவர் போனவர் எல்லாரும் "எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். ஜெபராஜுக்காக ஜெபம் செய்ய வந்த சபையார் "அண்ணாச்சிக்கும் சேர்த்து" என்று எனக்கும் ஜெபித்தார்கள். ஆவுடை நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்லாத மணி நேரம் கிடையாது. எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொல்லச் சொல்ல என் பயத்தை எடுத்து வைக்க எனக்கு இடமில்லாமல் போயிற்று. அந்தப் பியானோ மட்டும்தான் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. மாட்டிக்கொண்டாய், நானும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று கூட உட்கார்ந்திருந்தது. துக்கத்தை இவ்வளவு அழகாக, ஒரு சுரம்கூடக் கத்தாமல் சொல்ல முடியும் என்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் என் தங்கை கோமதி ஊரிலிருந்து வந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்தவர்கள் வீட்டில் சாவு என்றால் கல்லறைக்குப் போகும் வண்டியில் ஸ்பீக்கர் கட்டி மெதுவான வாத்திய இசை போடுவார்கள். இரண்டு தெரு தள்ளிக் கேட்டாலே கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். இப்படி மெதுவாக ஒரு பியானோவையோ ஆர்கனையோ நாங்கள் வேறு எங்கும் கேட்டதில்லை. கோமதி கதவைத் திறக்கிறாள். இரண்டு கட்டில். இரண்டிலும் அசையாமல் ஒவ்வொரு ஆள், கழுத்து வரைக்கும் வெள்ளைப் போர்வை. சுவரோரம் பைபிளோடு ஒரு பெண். நடுவில் அந்தப் பியானோ. ஆவுடை அப்போது மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள்.

"அய்யோ, எங்கண்ணே போயிட்டாகளே!" என்று கோமதி வீறிட்டாள்.

யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நான் விருட்டென்று எழுந்து தலையைத் தூக்கிவிட்டேன். தூக்கியது மட்டுமா? அண்ணாந்து கதவைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, தலை! தலையக் குனியும்!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஜெபராஜ் கத்தினார். அவர் பார்க்கவில்லை, என் கட்டில் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். கிரேஸ் அக்கா ஓடிவந்து என் பிடரியைப் பிடித்து அமுக்கினார். பத்து விநாடி இருக்குமா? அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா காலையில்தான் பார்ப்பார்கள் என்றார் நர்ஸ். "அண்ணே, நான் பாவி, நான் பாவி" என்று கோமதி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஜெபராஜ் போனை நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த எட்டு நாளில் மிக மோசமான நேரம் அதுதான். சவ்வு இந்நேரம் உரிந்து தொங்குகிறதா? இனி எல்லைக்கல் எது, முள்வேலி எது என்று ஒருத்தன் கையைப் பிடித்துக் கேட்க வேண்டுமா? ஆவுடையின் முகம் எனக்கு இனி வெளுத்த வட்டம்தானா? அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். அறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"தம்பி, ஏன் நிறுத்திட்டீரு?" என்றேன்.

"என்னாலதானே அண்ணாச்சி இப்படி ஆச்சு. எனக்கு இது புதுசில்ல. ஒரு தடவை ஆராதனைக்கு முன்னால இதை வாசிச்சேன். சபையில ஒருத்தர் எழுந்து வந்து, யாருக்குத் தம்பி அடக்கம்னு கேட்டாரு. அதோட சர்ச்சுல வாசிக்கதில்ல."

"எங்க பக்கத்துல எல்லாருக்கும் இது சாவுச் சத்தம்தான். எனக்கு இப்ப அப்படி இல்ல வே. போடும்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"போடும்ங்கேன்லா!"

போட்டார். கோமதி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "அண்ணே, இது நல்லாத்தான் இருக்கு. ஆனா நெஞ்சைப் பிசையுது" என்றாள். என்னைவிட அவள் கெட்டிக்காரி. எனக்கு இரண்டு நாள் பிடித்தது அவளுக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது.

காலையில் டாக்டரம்மா வெகு நேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ஒட்டித்தான் இருக்கு. ஆனா பார்வை எவ்வளவு வரும்னு குமிழி கரையட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார். குமிழி இருக்கிற வரைக்கும் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரிதான் தெரியும். எட்டாம் நாள், வீட்டுக்குப் போய் இருபதாம் நாள் வந்து காட்டச் சொன்னார்கள். தலையைக் குனிந்தபடியே ஜெபராஜின் கையைத் தொட்டு விடைபெற்றேன். அன்று காலையில்தான் அவருக்குச் சவ்வு மறுபடி உரிந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு ஆபரேஷன், இந்தத் தடவை வாயுவுக்குப் பதில் எண்ணெய். "நீங்க போங்க அண்ணாச்சி. நான் இங்கனதான் கிடப்பேன். இருபதாம் நாள் வருவீங்கல்லா?" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இருபதாம் நாள் வந்தேன். குமிழி கடுகளவு சுருங்கிப் பார்வையின் அடியில் உருண்டுகொண்டிருந்தது. இருட்டறையில் எழுத்துப் பலகை முன் உட்காரவைத்தார்கள். முதல் வரி. இரண்டு. மூன்று. நான்காவதும் தெரிந்தது, ஐந்தாவதில் இரண்டு எழுத்து தப்பு. "போதும், வேலைக்குப் போகலாம்" என்றார் டாக்டரம்மா. திரும்பி ஆவுடையைப் பார்த்தேன். மூக்குத்தி, நரைத்த வகிடு, கன்னத்தில் வழிந்த நீர், எல்லாம் தெளிவாக இருந்தன. அவள் அழுவதை நான் பார்க்கிறேன் என்றதும் இன்னும் அழுதாள்.

பழைய அறைக்குப் படியேறினேன். சந்தோஷத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜெபராஜ் அதே கட்டிலில் குப்புறக் கிடந்தார். முதல் தடவையாக அவரைப் பார்க்கிறேன். பார்த்தது ஒரு பிடரியையும் ஒல்லியான முதுகையும்தான்.

"அண்ணாச்சியா? எத்தனை வரி?"

"ரெண்டு, மூணு..." என்று இழுத்தேன்.

"பொய் சொல்லாதீங்க. சிஸ்டர் இப்பதான் சொல்லிட்டுப் போறாங்க, அஞ்சு வரின்னு." அவர் கை தலையணைக்கு அடியில் துழாவி நாலைந்து தாள்களை எடுத்து நீட்டியது. "மூணாவது பக்கத்தைப் பாருங்க. மேல இருந்து ரெண்டாவது வரி, அதுல முதல் கட்டம். கீழ இருக்கிற அஞ்சு கோடு இடது கைக்கு. அதுல முதல் புள்ளி எங்க நிக்கி?"

வெயிலடித்த இடத்திலிருந்து பழைய இடத்துக்குத் திரும்புகிற புள்ளி அது என்றார். பதிவு செய்தபோது சரியாக அந்த நேரத்தில் வெளியே ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்திருக்கிறார். இடது கையின் சுரம் அதில் மூழ்கிவிட்டது. எனக்கு அது தெரியாது. நூறு தடவைக்கு மேல் கேட்டும், ஹாரனும் வாசிப்பில் சேர்ந்ததுதான் என்று இருந்துவிட்டேன். "விரலுக்கு ரெண்டு வழி தோணுது அண்ணாச்சி. எது சரின்னு தெரியல. அந்த ஒரு இடத்துல வந்து வந்து நின்னுருது."

வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்தேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் கோடும் புள்ளியும்தானே என் வாழ்க்கை?

"கீழ இருந்து முதல் கோட்டுக்கும் ரெண்டாவது கோட்டுக்கும் நடுவுல. ரெண்டு கோட்டையும் தொட்டுக்கிட்டு நிக்கி."

"முன்னால குறி ஏதாவது போட்டிருக்கா? சின்ன இங்கிலீஷ் 'b' எழுத்து மாதிரி?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவையும் பார்த்தேன். இரண்டு தடவை பார்க்காமல் எதையும் சொல்வது என் தொழிலில் கிடையாது.

"இருக்கு."

அவர் விரல் சட்டத்தில் ஓர் இடத்தை அழுத்தியது. பிறகு அரை விரல் நகர்ந்து மறுபடி அழுத்தியது. "அந்தக் குறி இருந்தா அரைச் சுரம் கீழ. அதான் அங்கன அப்படி வலிக்கு" என்றார். ஆறு நிமிட வாசிப்பையும் அவர் மனசுக்குள் ஓட்டுகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"இந்தத் தாள் எப்ப வந்தது?"

"அன்னைக்கு நீங்க போன மறுநாளே அக்கா கொண்டாந்துட்டா."

"பன்னிரண்டு நாளா தலைக்கு அடியில வச்சிருந்தீரா? அக்காகிட்டயே கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க பார்த்துச் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

"எனக்குக் கண்ணு தெரியாமப் போயிருந்தா?"

"அந்த ஒரு புள்ளியைத் தெரியாமலே விட்டிருப்பேன் அண்ணாச்சி" என்றார்.

ஆவுடை கீழே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று காத்திருந்தாள். நான் நாற்காலியை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அடுத்த கட்டம் சொல்லுதேன், கேளும்" என்றேன். மூன்றாம் பக்கத்தைக் கடைசிப் புள்ளி வரைக்கும் வாசித்து முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன்.